உனக்கும் கெதியா டிக்கட் வெட்டுவினம்

1

பிள்ளை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள்! இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகச் சொல்லலாம். ஆறுதலாக என்று எழுதுகிறேனே தவிர, ஓர் இடத்தில் இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த அறையில் என் மகள் மணி படுத்திருக்கிறாள். எழுத உட்கார்ந்த பிறகும் எழும்பி எழும்பிப் போய், மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன். கடைசித் தரம் அவள் கண்ணைத் திறந்து, “அம்மா, சும்மா சும்மா வந்து பாக்காத. பசிச்சா நானே கூப்புடறேன்” என்றாள்.

பசிச்சா! அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக நான் பட்ட பாட்டைத்தான் உங்களுக்கு எழுதப் போகிறேன்.

ஊரில் பத்திரிகையில் இதை வாசிப்பவர்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நான் வடமராட்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். என் கணவருக்குச் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜன்சியில் வேலை கிடைத்தது. மூன்று வருஷமாக ராயபுரத்தில் குடியிருக்கிறோம். என் ஆசிரியைச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஆகவே நான் வீட்டோடு இருக்கிறேன்.

கடல் கடந்த வாழ்க்கை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்குகிற கடல்தானே! ஆனால் இங்கே தங்கியிருக்க அனுமதி கேட்டு வருஷாவருஷம் அரசாங்கக் கந்தோரில் போய் நிற்கும்போது அந்தக் கடலின் அகலம் தெரியும். போன முறை அங்கே இருந்த உத்தியோகத்தர் எங்கள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தமிழ்தானேம்மா பேசறீங்க? அப்புறம் எப்படி வெளிநாடு?” என்று கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். தமிழ்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2

வந்த புதிதில் நடந்தவற்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கடையில் தேசிக்காய் கேட்டேன், தேங்காய் வந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். சீனி என்றால் அவருக்கு உடனே விளங்கும். அதை நம்பித் தேசிக்காயும் விளங்கும் என்று நினைத்துவிட்டேன். “எலுமிச்சம்பழம்னு கேளுங்க தாயி” என்று அவரே சொல்லித் தந்தார்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் மணியைக் காணவில்லை. பதறிக்கொண்டு தெருவில் இறங்கி, “என்ர பெட்டையைக் கண்டனீங்களோ?” என்று எல்லாரையும் கேட்டேன். எதிர்வீட்டு ஆமினாவின் தாய் உடனே தன் வீட்டு ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டாள். நல்ல சனம்! சந்து சந்தாகப் போனார்கள். படிக்கட்டின் கீழே குனிந்து பார்த்தார்கள். கூடைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். “பா, பா, பா” என்று கூப்பிட்டார்கள். “இன்னா கலருமா?” என்று ஒருவர் வந்து கேட்டபோதுதான், பெட்டை என்றதும் அவர்கள் கோழி தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. மணியும் ஆமினாவோடு அந்தக் கூட்டத்தில் நின்று மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்!

மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் தேசிக்காயில் தடுக்கி விழுந்துகொண்டிருக்க, அவள் ராயபுரத்துப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டாள். இன்னா, கீது, வந்துகினு, போய்கினு. என் கணவர் ரசித்துச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை விட்டுப் போகிறாள் என்று தோன்றும். அதனால் ஒரு சட்டம் போட்டேன். வீட்டை ‘வூடு’ என்று சொன்னால் எனக்குக் காது கேட்காது.

“அம்மா, வூட்டு சாவி எங்க கீது?”

நான் அம்மியில் அரைத்துக்கொண்டே இருப்பேன்.

“அம்மா!”

“எனக்குக் காது கேக்கேல்லை.”

அவள் பெருமூச்சு விட்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்புவிப்பதுபோல, “அம்மா, வீட்டுத் திறப்பு எங்கை கிடக்கு?” என்பாள். உடனே எடுத்துக் கொடுப்பேன்.

நான் மட்டும் என்ன? கடையிலும் கந்தோரிலும் என் தமிழை மடித்து வைத்துவிட்டு, இங்கத்தைத் தமிழைத்தான் பேசப் பார்ப்பேன். வீட்டுக்குள் வந்துதான் மூச்சுவிடுவேன். அந்த மூச்சு என் பிள்ளையோடு பேசும்போதுதான் வரும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

3

மழை விட்ட கையோடு மணிக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்புக் காய்ச்சல். இங்கே டைபாய்டு ஜுரம் என்கிறார்கள். ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

நோயாளிகளைப் பதிகிற ஜன்னலில் இருந்த கிளாக்கருக்கு நல்ல வெண்கலக் குரல். “பேரு? வயசு? இன்னா ஜாதி? வூட்டுக்காரருக்கு இன்னா சம்பளம்? ஒரே ரூம்ல எத்தினி பேர் படுத்துக்கிறீங்க?” நான் மெதுவாகச் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் அவர் உரத்துத் திருப்பிச் சொல்லித்தான் எழுதினார். பின்னால் நீள வரிசை. என் கணவரின் சம்பளத்தைக் கேட்டு வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “பரவால்லியே!” என்றார். மணி காய்ச்சலில் என் தோளில் கிடக்க, எங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் ஆசுபத்திரி வாசலில் காய்ந்தது.

எல்லாம் எழுதி முடிந்ததும், ஊரில் எந்தத் தாயும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். “ஐயா, என்ர பிள்ளைக்கு எப்ப டிக்கட் வெட்டுவியள்?”

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் மட்டைதான் நமக்கு டிக்கட். சுகமானதும் டொக்டர் அதில் கையெழுத்து வைத்து டிக்கட் வெட்டினால் வீட்டுக்குப் போகலாம். கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வரும்போதே இன்னாமா இப்படிக் கேக்கற?” என்றார். அவசரப்படுகிறேன் என்று கண்டிக்கிறார் என நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வார்டில் பின்னேரத்தில் மட்டும்தான் எங்களை உள்ளே விடுவார்கள். மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஸ்டெல்லா என்ற பிள்ளை. காசிமேட்டில் மீன்பிடிக்கிற குடும்பம். அவளுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வாய் ஓயாத பிள்ளை. இரண்டு பேரும் கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் விரல் நுனி தொடும். அப்படித் தொட்டுக்கொண்டு ஏதோ எண்ணுகிற விளையாட்டு ஒன்று நடக்கும். “ஆன்ட்டி, உங்க பொண்ணு கள்ளாட்டம் ஆடுது, கேளுங்க” என்று ஸ்டெல்லா என்னிடம் முறையிடுவாள்.

மணியின் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டும் குடித்தாள். நாங்கள் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பின்னேரம் போனபோது ஸ்டெல்லாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. வெளுத்த விரிப்பு போட்டிருந்தார்கள். வார்டு ஆயா முனியம்மா தண்ணீர் வாளியோடு வந்தாள். “ஸ்டெல்லா எங்கே?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு காலைலியே டிக்கட் வாங்கிட்ச்சுமா” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பாராமல் போனாள். வேலைக் களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவ்வளவு மெலிந்திருந்த பிள்ளைக்கே டிக்கட் வெட்டியாச்சு என்றால் என் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு நேரம்! மணியின் பக்கத்தில் இருந்து அவள் கன்னத்தைப் பிடித்துச் சொன்னேன். தைத்துக் கொண்டுபோன புதுச் சட்டையையும் எடுத்துக் காட்டினேன். மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதி போன கவலை என்று நினைத்து, தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

4

அதற்கு மறுநாளில் இருந்து மணி சாப்பிடவில்லை.

வாயைத் திறக்கவே இல்லை, சாப்பிடவும் பேசவும். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். காய்ச்சல் இல்லை. வயிற்றில் கோளாறு இல்லை. இந்தக் காய்ச்சல் வந்து எழும்பிய உடம்புக்குச் சாப்பாடுதான் மருந்து என்றார் பெரிய டொக்டர். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும், அதையும் இந்த உடம்பு தாங்குமோ தெரியாது என்றார். பிறகு, சுற்றிலும் அத்தனை கட்டில்களும் அத்தனை தாய்மாரும் இருக்க, “வீட்டுல ஏதாவது பிரச்சினையா? அடிப்பீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. “இல்லை” என்றேன். அந்த ‘இல்லை’ எனக்கே பொய்போலக் கேட்டது. பயந்த குரலில் உண்மையைச் சொன்னாலும் அப்படித்தான் கேட்கும்போல.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற நர்ஸ் போகவில்லை. அந்த வாரம்தான் அந்த வார்டுக்கு மாறி வந்தவர், ரோசலின் சிஸ்டர். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். டொக்டரோடு ஒரு தமிழ், நோயாளிகளோடு ஒரு தமிழ் பேசுவார். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மா, வராந்தாவுல ஆள் இல்ல. விரிப்பு மடிக்கணும், ஒரு முனை பிடிக்கிறீங்களா?” என்றார்.

5

வராந்தாவின் கோடியில் காய்ந்த விரிப்புகள் குவிந்து கிடந்தன. கடற்காற்று அங்கே நேராக வரும். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இழுத்து, உதறி, கிட்ட நடந்துவந்து முனைகளைச் சேர்த்து, திரும்பவும் விலகிப் போவோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கத் தேவையில்லை. கிட்ட வரும்போது அவர் மெதுவாக ஒன்று கேட்பார். விலகிப் போகும்போது நான் யோசிப்பேன். அந்த வேலையே அதற்காகத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

“முதல்லயே சொல்லிடறேன். நான் கேக்கறது ஆபீசுல எழுத இல்ல. நீங்க நல்ல அம்மாவா, கெட்ட அம்மாவான்னு பாக்கவும் இல்ல. மணியை எப்படிப் பாத்துக்கறதுன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். எதையாவது சொல்லப் பிடிக்கலேன்னா ‘மடிப்போம்’னு சொல்லுங்க. மடிச்சிட்டே இருக்கலாம்.”

நம்முடைய சனத்தைத் தெரியும்தானே? வீட்டுக் கதையை வெளியாரிடம் சொல்வதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று இருப்போம். ஆனால் ‘மடிப்போம்’ என்ற சொல் என் கையில் இருந்ததால் எனக்குப் பயம் குறைந்தது. கதவின் தாழ்ப்பாள் என் பக்கத்தில் இருந்தது.

“வீட்ல மணி யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவா?”

“அவளோட அப்பா பக்கத்துல.”

“சிரிப்பா ஏதாவது நடந்தா முதல்ல யார்கிட்ட ஓடுவா?”

“எதிர்வீட்டு ஆமினாகிட்ட.” அதைச் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விரிப்பின் ஓரத்தை நேராக்குவதுபோலக் குனிந்துகொண்டார்.

“பயம் வந்தா?”

“முன்னால என்கிட்ட. இப்ப தெரியல.”

“வீட்ல நீங்க பேசற பேச்சும் மணி பேசற பேச்சும் ஒண்ணுதானா?”

“மடிப்போம்” என்றேன்.

மடித்தோம். ஒரு முழு விரிப்பு, பேச்சில்லாமல். அவர் அதற்காக என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

பிறகு, மணியின் தலையை வாரிவிடும்போது அவள் ஒரே ஒரு வசனம் சொன்னாள் என்றார். “நான் துன்னா அனுப்சிடுவாங்க, சிஸ்டர்.” டொக்டரிடம் சொல்ல வேண்டியது தன் கடமை என்பதால் சொல்லிவிட்டாராம். டொக்டர், பிள்ளைக்கு வீட்டுக்குப் போகப் பயம், அங்கே என்னவோ நடக்கிறது என்கிறாராம்.

என் கையில் இருந்த முனை நழுவி விழுந்தது. என் பிள்ளைக்கு என் வீட்டுக்கு வரப் பயமா?

சிஸ்டர் குனிந்து முனையை எடுத்து என் கையில் வைத்தார். “பொறுங்கம்மா. ‘அனுப்சிடுவாங்க’ன்னுதான் சொன்னா. எங்கேன்னு சொல்லல. ‘வீட்டுக்கு’ன்னு டாக்டர் சேத்துக்கிட்டார். நான் சேத்துக்கல. அவ சொல்லாத வார்த்தையை நாம ஏன் சேக்கணும்?”

அன்று வாசலில் காத்து நின்று என் கணவரிடமும் அவர் தனியாகப் பேசினார். என்ன கேட்டார் என்று வழியில் இவரை விசாரித்தேன். “பாரந்தூக்கி எப்படிச் சரக்கைக் கப்பலில் ஏற்றும் என்று கேட்டா. மணிக்கு நான் சொல்லுறதையெல்லாம் சொன்னன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை பட்டினி கிடக்க, பாரந்தூக்கிக் கதையா! “அதுக்குப் பிறகு, என்னை அறியாமல் நான் அழுதுபோட்டன்” என்றார் இவர், ரோட்டைப் பார்த்தபடி.

6

மறுநாளும் விரிப்புகள். மணி இன்னும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. குழாய் போடுகிற சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

“கடைசியா மணி நல்லா சாப்பிட்டாளே, அதுக்கு மறுநாள் நீங்க அவகிட்ட என்ன பேசினீங்க?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நல்லா சாப்பிட்டா சீக்கிரம் டிஸ்சார்ஜ் பண்ணுவாங்கன்னு சொன்னேன்.”

“இதுல பயப்பட ஒண்ணும் இல்லையே.” கிட்ட வந்தவர் விலகிப் போகவில்லை. “வீட்லயும் மணிகிட்ட இப்படித்தான் பேசுவீங்களா? இதே மாதிரி வார்த்தையா?”

“இல்லை. உங்களுக்கு விளங்கணும்னு மாத்திச் சொல்றேன்.”

“எனக்காக மாத்தாதீங்கம்மா. மணி காதுல எப்படி விழுந்துச்சோ அப்படியே சொல்லுங்க. உங்க பேச்சுலயே. புரியலேன்னா நான் கேட்டுக்கறேன்.”

மூன்று வருஷத்தில் இந்தக் கரையில் என்னிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. விரிப்பைப் பார்த்துக்கொண்டு, மணியின் கன்னத்தைப் பிடித்துச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“ஸ்டெல்லாவுக்கு டிக்கட் வெட்டியாச்சாம், பிள்ளை. நீயும் நல்லாச் சாப்பிட்டியெண்டால் உனக்கும் கெதியா டிக்கட் வெட்டுவினம். அண்டைக்கு இந்தப் புதுச் சட்டையைத்தான் போடவேணும், என்ன?”

சிஸ்டர் விரிப்பைத் தாழ்த்தினார். “இன்னொரு தடவை” என்றார். சொன்னேன். அவர் விரிப்புக் குவியலின் மேல் அப்படியே குந்திவிட்டார்.

“ஐயோ, ஆண்டவரே! அம்மா, டிக்கட்டுன்னா உங்க ஊர்ல என்ன?”

“வீட்டுக்குப் போறது.”

“ராயபுரத்துல டிக்கட் வாங்கிட்டான்னா செத்துப்போய்ட்டான்னு அர்த்தம்மா. சின்னப் பசங்க சண்டை போட்டாக்கூட, ‘மூலக்கொத்தளத்துக்கு டிக்கட் வாங்கித் தரேன்டா’ன்னுதான் கத்தும்.”

மூலக்கொத்தளம் இங்கே பெரிய சுடுகாடு. அது எனக்கும் தெரியும்.

“அப்ப ஸ்டெல்லா?” என்றேன்.

“அன்னிக்குக் காலைல தவறிட்டாம்மா. மணி முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தா. எல்லாத்தையும் பாத்தா.”

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போது திரும்பி நின்று என்னைப் பார்த்தது. சிநேகிதி செத்ததைக் கண்ணால் கண்ட பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு, நீயும் நல்லாகச் சாப்பிட்டால் உனக்கும் அதேபோல என்று சொல்லியிருக்கிறேன்! போட்டுக்கொள்ளப் புதுச் சட்டையும் காட்டியிருக்கிறேன்! சாப்பிட்டால் அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் பிள்ளை சாப்பிடவில்லை. சாகமாட்டேன் என்றுதான் பட்டினி கிடந்திருக்கிறாள்!

நான் ஓடினேன். சிஸ்டர் எட்டி என் கையைப் பிடித்தார். “மெதுவா. நான் வந்து சொல்ல மாட்டேன். உங்க வார்த்தை, நீங்கதான் எடுக்கணும். முதல்ல குந்துங்க, அவ கண்ணுக்கு நேரா. ஸ்டெல்லாவைப் பத்திக் கேட்டா மறைக்காதீங்க.”

கட்டிலின் பக்கத்தில் தரையில் இருந்தேன். மணி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“பிள்ளை, எங்கட ஊரிலை டிக்கட் வெட்டுறதெண்டால் ஆசுபத்திரியிலை இருந்து வீட்டை போறது. உனக்கு அது தெரியாதோ?”

அசைவில்லை.

“நீ சின்னப் பிள்ளையா ஊரிலை கை முறிஞ்சு கிடந்தனீ. அப்ப உனக்கு டிக்கட் வெட்டித்தான் அப்பா தோளிலை தூக்கிக்கொண்டு வந்தவர். நான் அதைத்தான் சொன்னனான். உனக்குச் சுகமாப் போச்சு. வீட்டை போகலாம் எண்டுதான் சொன்னனான்.”

மெதுவாக முகம் திரும்பியது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அவள் என் முகத்தை இடமிருந்து வலமாக, வாசிப்பதுபோலப் பார்த்தாள்.

“மெய்யா?”

“மெய், பிள்ளை.”

“மூலக்கொத்தளம் இல்லியே?”

“இல்லையடி!”

“ஸ்டெல்லா வூட்டுக்குப் போவலமா. செத்துப்பூட்டா. உனக்குத் தெரியாதா?”

“தெரியாது. இப்பதான் தெரியும்.”

“நீ சிரிச்ச” என்றாள்.

அழுதேன். வார்டு பார்க்கிறதே என்று நினைக்காமல் அழுதேன். ஸ்டெல்லாவுக்காகவும் அப்போதுதான் அழுதேன். மணி கையை நீட்டி, ஸ்டெல்லாவோடு விளையாடுவதுபோல, என் விரல் நுனியைத் தன் விரல் நுனியால் தொட்டாள். பிறகு சிஸ்டரைப் பார்த்து, சாதாரணமாக, “பசிக்குது” என்றாள்.

கஞ்சி வந்தது! சிஸ்டரே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். “கொஞ்சம் கொஞ்சமா, கண்ணு, யாரும் புடுங்கிக்கினு போவ மாட்டாங்க.” நான் கரண்டியைப் பிடித்தேன், அவசரத்தில் பாதி என் சேலையில். மணி கிண்ணத்தையே வாங்கிக் குடித்தாள். ஒரு பிள்ளை கஞ்சி குடிக்கிற சத்தம்போல ஒரு சத்தம் உலகத்தில் கிடையாது. நான் எழும்பி நின்று கைதட்டினேன் என்று, அந்த நேரம் வந்து சேர்ந்த இவர் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்.

7

அடுத்த நாளே வார்டு முழுக்கக் கதை பரவிவிட்டது. முனியம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நான் இன்னா பாவம் பண்ணேனோ, என் வாயில அந்த வார்த்தை வந்துச்சேமா” என்று கண்ணைத் துடைத்தவள், அடுத்த நிமிஷமே, “ஆனா உங்க ஊரு பேஜாரான ஊருமா! டிக்கட் வெட்னா சந்தோசப்படுவீங்களா? எங்க ஊர்ல அதுக்குப் பாடை கட்டுவாங்க!” என்றாள். பக்கத்துக் கட்டில் தாய்மாரெல்லாம் சிரித்தார்கள். முன்பு தலை திருப்பிப் பார்த்த அதே தாய்மார்.

பெரிய டொக்டர் என்னிடம் வந்து, “வேற மாதிரி நினைச்சுட்டேன்” என்று இங்கிலீஷில் சொன்னார். அவரும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் கேட்டார். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீட்டுக் கதையை ஊர் பார்க்கக் கேட்டபோது என் வாய் பூட்டிக்கொண்டது. விரிப்பின் மறுமுனையில் இருந்து கேட்டபோது திறந்துகொண்டது. நர்ஸ் வேலை படிக்க உங்கள் பெண்களை அனுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஊசி போடுவதையும் காய்ச்சல் பார்ப்பதையும் அவர்கள் படித்துக்கொள்வார்கள். ஒரு தாயை அவளுடைய சொந்தப் பேச்சில் பேசவிடுவதையும், அவள் சொல்லாத சொல்லைத் தாங்களாகச் சேர்க்காமல் இருப்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது சிஸ்டர் மணியிடம், “ஸ்டெல்லா அம்மாவைப் போய்ப் பாரு. இப்ப இல்ல, நல்லா நடக்க ஆரம்பிச்சதும். உன்னைப் பாத்தா அழுவாங்க, பரவால்ல, நீ குந்திக்கினு இரு” என்றார். மணி தலையாட்டினாள். நானும் போவேன். என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டொக்டர் கையெழுத்து வைத்த தாளைக் கையில் வாங்கியபோது அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவர் ரிக்‌ஷா பிடிக்கப் போனார். மணி பஸ்ஸில்தான் வருவேன், ஜன்னல் ஓரம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவள் அடம்பிடித்ததில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்! ஏறினோம். புதுச் சட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பழைய பாவாடையோடு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

கண்டக்டர் தோல் பையைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“டிக்கட், டிக்கட்! யார்மா இன்னும் டிக்கட் வாங்கல?”

சட்டைப் பைக்குள் போன இவரின் கை அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் மணியைப் பார்த்தோம். மணி எங்களைப் பார்த்தாள். அவளுடைய உதட்டின் ஓரம் துடித்தது. அடுத்த நிமிஷம் வெடித்துச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, முழுத் தொண்டையில்!

“இன்னா பாப்பா, சிரிச்சுக்கினே டிக்கட் வாங்காம போலாம்னு பாக்கறியா?”

“ஆஸ்பத்திரிலியே வாணாம்னுட்டு வந்துகினு கீறேன்பா!” என்றாள் மணி.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா, எங்க போவணும்?” என்றார்.

“வூட்டுக்கு” என்றேன்.

வாயில் அப்படியே வந்துவிட்டது.

“எல்லாரும் வூட்டுக்குத்தான்மா போறாங்கோ. எந்த ஸ்டாப்பு?”

நான் பதில் சொல்வதற்குள் மணி ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. காதைக் கையால் குவித்துக்கொண்டு, நம்முடைய ஊர்த் தமிழில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்:

“அம்மா, எனக்குக் காது கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

பஸ் முழுவதும் கேட்கத் திருப்பிச் சொன்னேன்.